ஆடு எங்கிட்டும் போகல

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கட்டுமாவடியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். எனக்குச் சொந்த ஊர் ஆலங்குடிப் பக்கம். வார நாட்களில் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை அறை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழுக்குத் துணி மூட்டையோடு பைக்கில் ஊருக்கு. கல்யாணமாகியும் பிரம்மச்சாரி மாதிரி வாழ்கிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது.

எங்கள் பள்ளியில் எல்லாமே முறை வைத்துத்தான் நடக்கும். வாசல் டியூட்டி முறை, மதியச் சாப்பாட்டு டியூட்டி முறை, காலை வழிபாட்டில் வசனம் சொல்வதும் முறை. தினமும் ஓர் ஆசிரியர் மைக் முன்னால் வந்து, பைபிளிலிருந்து ஒரு வசனத்தை வாசித்து, இரண்டு நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டும். இதில் மதம் பார்ப்பதில்லை. வருஷா வருஷம் காவடி எடுக்கிற குடும்பத்தில் பிறந்த எனக்கும் முறை வந்தது. என் மூளையை நான் முழுதாகப் பயன்படுத்தியது இந்த விஷயத்தில்தான். பைபிளிலேயே ஆகச் சிறிய வசனம் எது என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். ஆண்டவர் அழுதார் என்று ஒரு குட்டி வசனம் வரும். என் முறை வரும்போதெல்லாம் அதுதான். “அவரே அழுதிருக்கார். கணக்குப் பரீட்சையில நீங்க அழுறதுல தப்பில்ல. ஆனா அழுதுகிட்டே ஸ்டெப்ஸ் எழுதணும்” என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்துக்கொள்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். நாளடைவில் நான் மைக்கைப் பிடித்ததுமே ஆறாம் வகுப்பு வரிசை அந்த வசனத்தைக் கோரஸாகச் சொல்லிவிடும். தலைமை ஆசிரியையான சிஸ்டர் கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்ப்பார். அத்தோடு சரி.

சிஸ்டருக்கு அறுபது நெருங்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தவும் தேவையில்லை. அவர் வராந்தாவில் நடந்து வந்தாலே மின்விசிறி சத்தம் குறைந்த மாதிரி இருக்கும்.

அந்த வருடம் பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அதற்கு முந்தைய வருடமும் நூறு. வாசலில் கேட்டை விடப் பெரிதாக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தோம். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தவர்களில் அடியேனும் ஒருவன்.

நூறு எப்படி வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் தேறாத பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, “ஒங்க பிள்ளைக்கு இந்த ஸ்கூல் செட் ஆகலங்க” என்று பக்குவமாகச் சொல்வோம். யாரையும் பிடித்து வெளியே தள்ளுவதில்லை. டீசியைக் கையில் கொடுத்து, நடத்தை மிக நன்று என்று எழுதி, ஆசீர்வதித்து அனுப்புவோம். எங்கள் பள்ளி மட்டும் செய்கிற காரியம் இல்லை இது. ஊர் உலகத்தில் நடப்பதுதான். அந்த வருடம் ஐந்து பேர். வருகிற திங்கட்கிழமை காலையில் பெற்றோரோடு வந்து டீசி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது.

இதைப் பேசி முடிவெடுத்த கூட்டம் சிஸ்டரின் அறையில் நடந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் ஒரு பெரிய படம். மேய்ப்பர் ஒருவர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற படம். ஆறு வருடமாக எல்லாக் கூட்டங்களிலும் அந்தப் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து, மேய்ப்பரின் தாடியில் எத்தனை சுருள் என்று எண்ணிப் பொழுதைப் போக்கியவன் நான். அன்றைக்குத்தான் ஆடு கண்ணில் பட்டது. பக்கத்திலிருந்த பி.டி. மாஸ்டரிடம் குனிந்து, “சார், அந்த ஆடு ஒம்போதுல பெயிலா? தூக்கிட்டுப் போறாரே, டீசி குடுக்கத்தானா?” என்றேன். அவருக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. வெளியே வந்ததும், “வாத்தியாரே, திங்கக்கிழமை வசனம் ஒங்க முறைதான? தில்லு இருந்தா இத மைக்குல சொல்லுங்க பாப்போம்” என்றார்.

எனக்குத் தில் கிடையாது. ஆகவே அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைக்கை எடுக்கப் போனால், வண்டிப் பக்கத்தில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். கட்டுமாவடிக் கரையில் மீன் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து பஸ் ஏறி விற்பவர். ஐவரில் ஒருத்தியின் தாய்.

“சார், நீங்கதான கணக்கு சாரு?”

“ஆமாம்மா.”

“எம்மவள வேற பள்ளிக்கொடத்துல சேக்கச் சொல்றாங்க. கவர்மெண்டுல கேட்டேன், சேத்துக்கிறோம்னுதான் சொன்னாங்க. இவதான் போவ மாட்டேங்கிறா. தொரத்திவுட்ட பிள்ளைன்னு எல்லாரும் பேசுவாங்களாம். படிப்பே வேணாம், திருப்பூருக்குப் போறேன், பனியன் கம்பெனியில அத்த மக இருக்கா, அவகூட இருந்துக்கிறேங்கிறா. திங்கக்கெழம டீசி கைக்கு வந்துச்சுன்னா செவ்வாக்கெழம பஸ்ஸு ஏறிருவா சார். நீங்க ஒரு வார்த்த பெரிய சிஸ்டர்கிட்டச் சொல்லுங்க.”

“நான் சொன்னா கேக்க மாட்டாங்கம்மா. நான் அங்க சும்மா.”

“மீசையெல்லாம் வச்சிருக்கீங்க. சொன்னா கேப்பாங்க” என்று, என் மீசைக்கு அதுவரை யாரும் தராத மரியாதையைத் தந்துவிட்டு, ஒரு பையை வண்டி ஹேண்டிலில் மாட்டினார். வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடையைக் கட்டிவிட்டார். பைக்குள்ளே நண்டு. உயிரோடு. அறந்தாங்கி தாண்டுவதற்குள் ஒன்று பையைக் கிழித்துக் கையை வெளியே நீட்டி என் முழங்காலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமை நண்டுக் குழம்பு. சாப்பிடும்போது மனைவியிடம் கதையைச் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு, “திங்கவும் செய்வீங்க, கேக்கவும் மாட்டீங்களாக்கும்” என்றாள். அதற்குப் பிறகு அந்த நண்டு சரியாக இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை. ஒரு பிள்ளையிடம் பைபிளைக் கடன் வாங்கி, அந்தப் படத்து ஆட்டின் கதை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் அவளிடமே கேட்டுக்கொண்டு மேடை ஏறினேன். இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். என் திட்டத்தில் வீரம் எதுவும் இல்லை. உவமையை வாசிப்பது, “யாரையும் தொலைச்சிடக் கூடாது பிள்ளைகளா” என்று பொதுவாக ஒரு வரி சொல்வது, இறங்கிவிடுவது. சிஸ்டருக்குப் புரிந்தால் சரி, புரியாவிட்டால் நண்டுக்கு என் கடமை முடிந்தது.

வாசித்தேன். ஒருவரிடம் நூறு ஆடுகள் இருந்தன. ஒன்று தொலைந்துபோனது. மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போனார்.

“நூறு ஆட்டுல ஒன்னு காணோம். மிச்சம் எத்தனை சதவீதம்?” கணக்கு வாத்தியார் வாய் சும்மா இருக்குமா?

“தொண்ணூத்தொம்போது!” என்று மைதானமே கத்தியது.

“தொண்ணூத்தொம்போது நல்ல ரிசல்ட்டுதான? அவரு போதும்னு இருந்தாரா?”

“இல்ல சார்!”

“காணாமப் போன ஆட்டுக்கு டீசி குடுத்துட்டு, மிச்சத்த நூறு சதவீதம்னு எழுதி ஃப்ளெக்ஸ் அடிச்சாரா?”

சிரிப்பு வெடித்தது. என் பலவீனம் இதுதான். முதல் சிரிப்பு வந்துவிட்டால் என்னால் நிறுத்த முடியாது. எதிரே எமனே நின்றாலும் அடுத்த வரியைச் சொல்லிவிட்டுத்தான் உயிரை விடுவேன். “அந்த ஃப்ளெக்ஸ் முன்னாடி நின்னு வாத்தியார்லாம் செல்ஃபி எடுத்தாங்களா?” என்று கேட்டேன். பிளஸ் டூ பையன்கள் விசிலே அடித்துவிட்டார்கள். ஆசிரியர் வரிசையில் மட்டும் சத்தமே இல்லை. தில்லு தில்லு என்று தூண்டிவிட்ட பி.டி. மாஸ்டர் தன் ஷூவில் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி குனிந்தே நின்றார். சிஸ்டர் அசையவில்லை. தேசிய கீதம் பாடி முடித்ததும், “சார், ஆபீசுக்கு வந்துட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னார்.

வராந்தாவில் போகும்போதே ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதிவிட்டேன். ஆலங்குடியில் மாமனாருக்கு முந்திரித் தோப்பு உண்டு. கொட்டை பொறுக்கியாவது பிழைத்துக்கொள்ளலாம்.

சிஸ்டர் நாற்காலியில் உட்காராமல், ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

“உக்காருங்க சார். நல்லா வாசிச்சீங்க. ஆறு வருஷத்துல இப்பதான் ரெண்டாவது வசனம்.”

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

“அந்த மேய்ப்பர் ஆடு காணோம்னு தெரிஞ்சதும் என்ன செஞ்சாரு?”

“தேடிப் போனாரு சிஸ்டர்.”

“மிச்ச ஆட்டையெல்லாம் கூட்டி வச்சு மைக்குல பேசுனாரா?”

“இல்ல சிஸ்டர்.”

“கெடச்சதும்?”

“தோள்ல தூக்கிட்டு வந்தாரு.” மேலே படத்தைப் பார்த்தேன். மேய்ப்பரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யார் தோள்ல சார்?”

“அவரு தோள்லதான்.”

“ஒங்க தோளு எப்படி இருக்கு?”

என் கை தானாகவே என் தோளைத் தடவிப் பார்த்தது. சிஸ்டர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. “நானும் அந்த உவமைய சின்ன வயசுலருந்து வாசிக்கிறேன். எனக்கு எப்பவும் ஒரு கவலை வரும். அந்தத் தொண்ணூத்தொம்போது ஆட்டையும் வெட்டவெளியில விட்டுட்டுப் போயிட்டாரே, அதுங்கள யாரு பாத்துப்பா? இந்த ஸ்கூலுக்கு யாரும் உதவி தர்றதில்ல. பிள்ளைங்க சேந்தாத்தான் ஒங்க எல்லாருக்கும் சம்பளம். பக்கத்து ஸ்கூல்லாம் நூறுன்னு போடுறாங்க. நான் தொண்ணூறுன்னு போட்டா யாரு வருவா? எங்க சபையில மேல இருக்கிறவங்க என்னத்தான கேப்பாங்க. ஒங்களயா கேப்பாங்க?”

அதையும் நான் அதுவரை யோசித்ததில்லை. தப்புச் செய்கிறவர்கள் யோசிக்காமல் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் இரண்டு பேரில் அதிகம் யோசித்திருந்தவர் அவர்தான்.

“இங்கிட்டு வாங்க” என்று ஜன்னலுக்குக் கூப்பிட்டார். வெளியே பார்த்தேன். பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம், அந்தப் பெரிய ஃப்ளெக்ஸுக்குக் கீழே, ஐந்து பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தார்கள். சீருடை இல்லை. கூடவே தாயும் தகப்பனுமாக ஒரு சிறு கூட்டம். மீன்காரம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். வழிபாடு முடியும் வரை கேட்டைத் திறக்கக் கூடாது என்பது விதி. ஸ்பீக்கர் கேட்டுப் பக்கம்தான் இருந்தது.

“அவங்களுக்கும் கேட்டிருக்கும்ல சார்?” என்றார் சிஸ்டர்.

மைதானம் முழுக்கச் சிரித்தது அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். என் பேச்சுக்குப் பொருளாக இருந்தவர்களே அவர்கள்தான். ஆனால் நான் பேசும்போது அவர்கள் என் கண்ணில் ஒரு நொடிகூட இல்லை. டீசி வாங்க இன்றைக்குத்தான் வருவார்கள் என்பது தெரிந்தும், எங்கே நிற்பார்கள் என்று யோசிக்கவில்லை.

பிறகு சிஸ்டர் சொன்னார்: “அஞ்சு பேரையும் உள்ள கூப்பிடுறேன். பத்தாவதுல ஒக்காரட்டும். சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் எல்லாப் பாடமும் நீங்கதான் பாக்கணும். முடிவு வர்றப்ப என்ன நம்பர் வருதோ அத ஃப்ளெக்ஸ்ல போடுவோம். கீழ ஒங்க பேரையும் போடுவேன்.”

அந்த நிபந்தனைக்குத் தலையாட்டும்போது, ஜெயித்துவிட்டேனா மாட்டிக்கொண்டேனா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் திருப்பூர் பஸ் அந்தப் பெண் இல்லாமல் போனது. அதே சமயம் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு புதுப் பெயர் வந்தது. ஆட்டுக்கார சார். சாயங்கால வகுப்புக்கு ஆட்டுப்பட்டி என்று பெயர். நான் வராந்தாவில் நடந்தால் எங்கிருந்தாவது “ம்மே” என்று ஒரு குரல் வரும். திரும்பினால் எல்லா முகமும் புத்தகத்துக்குள் இருக்கும். பி.டி. மாஸ்டர் வேப்பங்குழையைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டு, “பிள்ளைங்களுக்கு மத்தியானத் தீனி” என்றார். எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. கிண்டல் என் சொந்த ஊர். அங்கே எனக்கு வாடகை கிடையாது.

ஐந்து பேரும் மாலையில் வந்தார்கள். நானும் குஷியாக நடத்தினேன். அறிவியலும் சமூக அறிவியலும் நடத்த வேண்டியிருந்ததால், முந்தின நாள் இரவு நானும் படித்தேன். ஒருநாள் சதவீதக் கணக்கு. பழக்க தோஷத்தில் மறுபடியும் ஆட்டுக் கதையை எடுத்தேன். “நூறு ஆடு, ஒன்னு ஓடிப்போச்சு…” நாலு பேர் சிரித்தார்கள். மீன்காரம்மாவின் மகள் சிரிக்கவில்லை. அளவுகோலை மேஜைமேல் தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, ஆட்டுக் கதை அலுத்துப்போச்சா?”

“இல்ல சார்.”

“சும்மா சொல்லு. திட்ட மாட்டேன்.”

அவள் தலையைத் தூக்கினாள். கோபம் ஒன்றும் இல்லை முகத்தில். கணக்கில் ஒரு ஸ்டெப் விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டுகிற மாதிரிதான் சொன்னாள்.

“அந்தக் கதையில ஆடு தானா ஓடிப்போச்சு சார். நாங்க எங்கிட்டும் போகலயே. வெளியதான நின்னோம். கேட்டப் பூட்டுனது நீங்கதான சார்?”

பக்கத்தில் இருந்த பையன் அவள் முழங்கையை இடித்தான். அவள் நிறுத்தவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. போட் கரைக்கு வருகிற நேரத்துக்கு அம்மா ஏலத்துக்குப் போயாக வேண்டும். தம்பியைக் குளிப்பாட்டி, ஊட்டி, அங்கன்வாடியில் விட வேண்டியது இவள். “ஆயா வந்து கதவத் தொறந்தாத்தான சார் அவன விட முடியும்? விட்டுட்டு ஓடியாருவேன். வாரதுக்குள்ள பெல்லு அடிச்சிரும்.” பெல் அடித்தால் கேட்டைப் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு வருகிறவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அன்றைக்கு ஆப்சென்ட். பள்ளியின் விதி அது. ஒன்பதாம் வகுப்பில் அவள் வகுப்பறையில் இருந்ததை விட, கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனதுதான் அதிகமோ என்னவோ.

வாசல் டியூட்டி முறை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? என் முறை வரும் நாட்களில் சாவி என் கையில் இருக்கும். அவளை எனக்கு ஞாபகம் வந்தது. மூச்சு வாங்க ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் சும்மா திருப்பி அனுப்ப மாட்டேன். என் பாணியில் அனுப்புவேன். “வாங்க மகாராணி, ரத்தினக் கம்பளம் இன்னும் விரிக்கல, நாளைக்கு வாங்க.” உள்ளே நிற்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். அவளும் லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போவாள். அவள் சிரித்ததால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வருடமாக ஆண்டவர் அழுத வசனத்தை வைத்துச் சிரிக்க வைத்தவனுக்கு, அன்றைக்கு அந்த வசனத்தின் அர்த்தம் கொஞ்சம் பிடிபட்டது. கரும்பலகையில் ஆடு என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு, மாம்பழ வியாபாரிக் கணக்குக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சிஸ்டர் அறைக்குப் போனேன். கையில் பைபிள் இல்லை. மைக்கும் இல்லை. அந்தப் பெண்ணின் காலை நேரத்தைச் சொன்னேன். வாசலில் நான் செய்துகொண்டிருந்ததையும் சொன்னேன். “பெல் அடிச்சதும் பூட்ட வேணாம் சிஸ்டர். லேட்டா வர்றவங்க உள்ள வந்து ஒக்காரட்டும். என்ன ஏதுன்னு அப்புறம் கேட்டுக்கலாம்” என்றேன்.

“இதுக்கு வசனம் ஒன்னும் கொண்டு வரலையா சார்?”

“தேடல சிஸ்டர்.”

“நல்ல வேளை. தேடியிருந்தா மாட்டியிருப்பீங்க. கல்யாண வீட்டுக்கு லேட்டா வந்த பொண்ணுங்களுக்குக் கதவத் தொறக்காத உவமை ஒன்னு இருக்கு. அது எனக்குத்தான் சாதகம்.” முதல் முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன். மேலே இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மேஜைமேல் கிடந்த கேட் சாவிக்கொத்தை இழுத்து டிராயருக்குள் போட்டார். “இந்த விதியப் போட்டது நான். ஏன் லேட்டுன்னு ஒரு பிள்ளகிட்டயும் நானும் கேக்கல. ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் வந்திருக்கோம் சார்.”

அதன் பிறகு முதல் பீரியட் முடிகிற வரை கேட் பூட்டப்படவில்லை. ஒழுங்கு கெட்டுவிடும் என்று சில ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். கொஞ்சம் கெடவும் செய்தது. பிளஸ் டூ பையன்கள் சிலர் டீக்கடையில் டீயை முடித்துவிட்டு நிதானமாக வந்தார்கள். அதற்கு பி.டி. மாஸ்டர் தனி மருந்து வைத்திருந்தார். மீன்காரம்மாவின் மகள் மட்டும் தினமும் தாமதமாகவே வந்தாள், தினமும் வந்தாள்.

அடுத்த மே மாதம் தேர்வு முடிவு. ஐந்து பேரில் நான்கு பேர் தேறினார்கள், அவளும் சேர்த்து. ஒரு பையன் மட்டும் ஒரு பாடத்தில் விழுந்தான். எந்தப் பாடம் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கணக்குதான். ஆட்டுக்கார சாரின் சொந்தப் பாடம். ஐம்பது பேர் எழுதி, பள்ளியின் தேர்ச்சி தொண்ணூற்றெட்டு சதவீதம். “ரெண்டு ஆடு காணோமே வாத்தியாரே, விழுந்தவன் ஒருத்தன்தானே?” என்று பி.டி. மாஸ்டர் கேட்டார். அவருக்குச் சதவீதம் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தப் பையன் வீட்டுக்கு நானே போய்த் துணைத் தேர்வுக்கு உட்கார வைத்தேன். தேறிவிட்டான். அதற்குள் ஃப்ளெக்ஸ் அடித்தாகிவிட்டது.

சிஸ்டர் முக்கால்வாசி சொன்னபடியே செய்தார். தொண்ணூற்றெட்டு என்று பெரிதாகப் போட்டு, அதே இடத்தில் கட்டினார். நல்ல வேளையாக என் பெயரைப் போடவில்லை. ஆனால் தேர்வு எழுதிய அத்தனை பிள்ளைகளின் படத்தையும் போட்டார், விழுந்தவன் படம் உட்பட. அந்த ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்ந்த பிள்ளைகள் கொஞ்சம் குறைந்தார்கள். அதையும் சொல்லாமல் விடுவது சரியில்லை. சிஸ்டர் பயந்ததும் பொய்யான பயம் இல்லை.

அந்தப் பெண் இப்போது புதுக்கோட்டையில் கல்லூரியில் முதல் வருடம். கணக்கை அவள் எடுக்கவில்லை என்பதை வைத்து என் போதனையை எடைபோட வேண்டாம். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நெரிசலில் தூரத்திலிருந்தே, “ஆட்டுக்கார சார்!” என்று கத்தினாள். நின்றவர்கள் எல்லாம், நான் ஆடு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேனோ என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

வாசல் டியூட்டி எனக்கு இப்போதும் முறைப்படி வருகிறது, வசனமும் வருகிறது. மைக் முன்னால் நின்றால் இன்றும் முதல் சிரிப்புக்கு மனசு அலையத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வசனத்தை அடுத்தவர் பக்கம் நீட்டுவதற்கு முன்னால், கேட்டுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன். காணாமல் போனவர்கள் என்று நாம் சொல்லுகிற பலரும் எங்கேயும் போய்விடுவதில்லை, நாம் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம்தான் மூச்சு வாங்க நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பது, சாவி என் கைக்கு வருகிற ஒவ்வொரு காலையிலும் எனக்கு ஞாபகம் வருகிறது.